விடைக்குறிப்பில் இல்லாத வெங்காயம்

காலாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்பு அறிவியல்.
நாற்பத்திரண்டு தாள்கள், தேவகோட்டையில் மின்வெட்டு.
மேடையில் அரிசி கழுவிய நீர்
புளி கரைத்துத் தெளிந்து கிடக்கிறது,
வெண்டைக்காய் மண்டிக்கு.
வேதவல்லி ஞாயிறு காலைதான் சிவகங்கையிலிருந்து வருவாள்.
அதுவரை கரண்டியும் சிவப்பு மையும் என் கையில்.

கேள்வி பதினேழு:
இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம்.
சமையலறையிலிருந்து எடுத்துக்காட்டு தருக.

பனிக்கட்டி உருகுதல் என்கிறான்
வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவன்.
காகிதம் எரிதல் என்று இருபது பேர்.
சமையலறையில் எதற்கடா காகிதம்?
'தை மாதம் நெய் உறையும்
அடுப்போரம் வைத்தால் இளகும்
ரெண்டு தடவையும் அது நெய்தான்'
என்றவனுக்கு முழு மதிப்பெண்.
'மோர்விட்ட பாலைத் திரும்பக் கேட்டால்
தயிர் தராது'
என்றவளுக்குக் கூடவே ஒரு சிரிப்பு.
(சிரிப்பை எந்தக் கட்டத்தில் போட?)

பிறகு மு. நாகஜோதி.
'வெங்காயம் நறுக்குவது வேதியியல் மாற்றம்.'

மாவட்டத்துக்கே ஒன்றாக வந்த விடைக்குறிப்பில்
தடித்த எழுத்தில் இருக்கிறது:
காய்கறி நறுக்குதல், இயற்பியல் மாற்றம்.
வடிவம் மாறும், பொருள் மாறாது.
பேனா சாய்ந்து ஒரு கோடு இழுத்துவிட்டது.
குறுக்கே மறு கோடு போடுமுன்
அடுத்த வரி கண்ணில் பட்டது:

'எங்க மெஸ்ஸுக்கு தினம் ஆறு கிலோ
சின்ன வெங்காயம் உரிச்சு நறுக்கிட்டுத்தான்
ஸ்கூலுக்கு வருவேன் சார்.
வெண்டைக்காய்க்குக் கண்ணு எரியாது.
முருங்கைக்காய்க்கு எரியாது.
உரிக்காத வெங்காயத்தைக் கூடையோடு
மடியில் வச்சிருந்தாலும் எரியாது.
கத்தி பட்டதும்தான் எரியுது.
புதுசா ஒண்ணு உண்டாகாம எப்படி சார்?'

ஆசிரியர் குழுவில் கேட்டேன்.
அருளானந்து உடனே பதில் போட்டார்:
'குறிப்பில் இல்லாததற்கு மார்க் கிடையாது.'
கூடவே ஒரு கும்பிடு.

எழுந்துபோய்
இருந்த எட்டு வெங்காயத்தை நறுக்கினேன்.
மூன்றாவதிலேயே தாள், தட்டு, சுவர்க்கடிகாரம்
எல்லாம் கலங்கிவிட்டன.

எங்கள் தெருப் பெரிய வீடுகள் போலத்தான்
வெங்காயமும்.
ஒரே கூரை, பங்காளிகளுக்குத் தனித்தனி அறை,
ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு.
சாறு ஓர் அறையில், அதை மாற்றும் நொதி ஓர் அறையில்.
சுவர் நிற்கும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.
கத்தி சுவரை உடைத்ததும்
இருவரும் எதிர்ப்பட,
ஒரு நொடி முன்புவரை உலகில் இல்லாத ஆவியொன்று
கிளம்பிக் கண்ணுக்குள் போய்
ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது.
பட்டம் வாங்கியபோது படித்ததுதான்.
பத்தொன்பது வருடமாக
'நறுக்குதல் இயற்பியல்' என்று
பலகையில் எழுதிய கையும் இதேதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.
முதல் பிரிவேளைக்குப் பிந்தி வருவாள் நாகஜோதி,
கண்கள் சிவக்க.
ராத்திரி முழுக்க டிவியா என்று
இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.
அவள் எதுவும் சொன்னதில்லை.
விடைத்தாளில்தான் சொல்லியிருக்கிறாள்,
அதுவும் கேட்ட கேள்விக்கு மட்டும்.

காய்ந்த சிவப்பு மையைத் தாளிலிருந்து பிரிக்க முடியாது.
ஆனாலும் பெருக்கல் குறியில் பாதி என்பது
'சரி'யில் முக்கால்.
கோட்டின் கீழ்முனையில், இடப்பக்கம்
சின்னதாக ஒரு கால் வைத்தேன்.
அருகில் 'இரண்டு' என்று எழுதும்போது
ஒரு சொட்டு விழுந்து மை பரவியது.
அது இயற்பியல்.
கேட்டால் வெங்காயம் என்பேன்.

அதற்குள் கருகும் வாசனை.
வதக்கப் போட்டதை மறந்தே போனேன்.
எட்டும் கரி.
வீட்டில் வேறு வெங்காயம் இல்லை.
இந்த மண்டிக்கு வேதவல்லி
எத்தனை மதிப்பெண் போடுவாளோ.